ஏற்றம்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்குச் செல்லும் சாலை, வளைந்து வளைந்து மலைமேல் ஏறுகிறது. விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அவ்வழியே செல்கின்றன. ஜீப்பு மலையில் ஏறுகிறது. ஓட்டுநர் ஆட்களை ஜீப்பில் ஏற்றுகிறார். ஏறுதல் தன்வினை, ஏற்றுதல் பிறவினை. ‘ஏற்றம்’ என்னும் பெயர்ச்சொல்லோ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

மேல்நோக்கிச் செல்லும் வழிக்கும், மிகுதிக்கும், மேன்மைக்கும் ஏற்றம் என்று பெயர். உழவர்க்கு அது ஒரு கருவி. மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்று நீரை அதனால்தான் இறைத்தனர். தூண்மேல் பொருத்திய துலா மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். மரம் தாழ்ந்து எழும்போது, கோலில் கட்டிய சால் கிணற்றுக்குள் இறங்கி நீரோடு மேலே வரும். சால்களின் கணக்குத் தவறாதிருக்க, எண்களைப் பாட்டிலேயே கோத்துப் பாடுவார்கள். ஏற்றப்பாட்டு அவ்வாறு பிறந்தது.

இயற்பியலில் மின்னேற்றம் உண்டு. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பது அதனால்தான். கடல்நீர் உயர்ந்து தாழ்வது ஏற்றவற்றம். புலவர் தம் நூலை அவையில் முதன்முதலாகப் படித்துக் காட்டுவது அரங்கேற்றம். இன்று அச்சொல் நடனத்துக்கே மிகுதியாக வழங்குகிறது.

பொருளியலில் விலையேற்றம். 2018ஆம் ஆண்டு வெள்ளத்தாலும், அடுத்து மழை குறைந்ததாலும் இடுக்கியில் ஏலக்காய் விளைச்சல் சரிந்தது. 2019இல் ஒரு கிலோ ஏலக்காயின் விலை 5,000 ரூபாயைக் கடந்தது. விற்பதற்குக் காய் வைத்திருந்தவர்க்கு அது நல்ல காலம். செடிகளை இழந்தவர்க்கு அது வெறும் செய்தி. (போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலக்காய் விற்கப்படும் முறைக்கும் ஏலம் என்றே பெயர். அது வேறு சொல்.)

இம்மலைகளோடு மிக நெருங்கிய சொல் குடியேற்றம். மலையாளத்திலும் இதே சொல்தான் வழங்குகிறது. குடி என்பது குடும்பம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூணாற்றுப் பகுதியில் தோட்டங்கள் தோன்றியபோது, கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களில் ஆள் சேர்த்து மலைக்கு அழைத்துச் சென்றனர். 1950களில் திருவிதாங்கூர்–கொச்சி அரசு, குடியேற்றத் திட்டத்தின் கீழ் இம்மலைகளில் குடும்பங்களுக்கு நிலம் அளித்தது. எவரும் அழைக்காமல், பிழைப்புத் தேடித் தாமே மலையேறி வந்தவர்களும் பலர். முன்னைய இருவகையார் ஏற்றப்பட்ட குடிகள். மூன்றாம் வகையார் ஏறிய குடிகள். ஏடுகளில் மூன்றுக்கும் ஒரே சொல்தான். எந்தக் குடும்பம் எவ்வாறு வந்தது என்பதை அவ்வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டறிய வேண்டியிருக்கிறது.