கிருமியைத் தேடிய கேள்வி

அறிவியல் மாறும் விதத்தை ஆராய்கிறவர்கள் முதலில் இரண்டைத்தான் கணக்கில் கொண்டார்கள். உலகம் இப்படி இருக்கிறது என்று சொல்லும் கோட்பாடு ஒன்று. அதை எந்த அளவுகோலால் ஏற்பது என்று சொல்லும் முறை மற்றொன்று. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஹாகோப் பர்செக்யான் 2015-இல் வெளியிட்ட நூலும் இவ்விரண்டின் மீதே எழுந்தது. கேள்வியையும் தனியொரு கூறாகச் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் வாதிட்டவர் வில்லியம் ராவ்லி. அவருடைய வரையறைப்படி கேள்வி என்பது ஆய்வுக்குரிய பொருள். ஓர் அறிவியல் சமூகம் அதை ஆராயத் தக்கது என்று கொண்டால், விடை கிடைக்காவிட்டாலும் அது ஏற்கப்பட்ட கேள்விதான்.

இதன் முழுப் பொருளையும் மலாயாவின் பெரிபெரி வரலாறு காட்டுகிறது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் அந்நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி சுரங்கங்களிலும் சிறைகளிலும் பலரைக் கொன்றது. 1886-இல் டச்சு அரசு தன் ஆட்சியிலிருந்த பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பிய ஆய்வுக்குழு கேட்டது, 'எந்தக் கிருமி இதை உண்டாக்குகிறது?' என்பதைத்தான். நோய்க்குக் கிருமி காரணம் என்ற கோட்பாடு வெற்றிமேல் வெற்றி கண்ட காலம் அது. அந்தக் கோட்பாட்டை ஏற்றிராத ஒருவருக்கு இக்கேள்வி தோன்றியே இராது.

விடைக்கான சான்று தோட்டச் சமையற்கட்டுகளில் இருந்தது. மலாக்காவின் ஜாசின் பக்கத்திலும் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானிலும் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் ஊர் வழக்கப்படி புழுங்கல் அரிசி உண்டவர்கள். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. தமிழர்களிடம் அது அரிதாகவே தென்பட்டது. நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் பிராடன் இதைக் கூர்ந்து கவனித்து 1907-இல் நூலாக்கினார். ஆனால் அவர் முடிவு, பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் 1905-இல் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. இவ்வளவு தெளிவான சோதனைக்குப் பிறகும் அவர் மூன்று வாய்ப்புகளை விட்டுவைத்தார்: அரிசியில் நஞ்சு இருக்கலாம், சத்துக் குறைவு இருக்கலாம், அல்லது சத்தில்லாத உடலைக் கிருமி எளிதில் பற்றலாம். அவரிடம் தரவில் குறையில்லை. பழைய கேள்வி இன்னும் ஆராயத் தக்கதாகவே நின்றது. கேள்வியைத் தனிக் கூறாகக் கொள்ளாவிட்டால் இந்தத் தயக்கத்தை விளக்குவது கடினம்.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வெள்ளையரிசிக் குழுவில் நோய் வந்தது. அரிசியை மாற்றியதும் நின்றது. இரு குழுக்களின் உணவையும் இடம் மாற்றியபோது நோயும் அரிசியின் பின்னாலேயே போனது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளின் குறைவே காரணம் என்று 1909-இல் அறிவித்தார்கள். பத்தாவியாவில் டச்சு மருத்துவர் கிரைன்ஸ் 1901-லேயே இந்தத் திசையைக் காட்டியிருந்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால்தான் புழுங்கல் காத்தது.

இப்போது கேள்வியே வேறு: 'அரிசியில் எது இல்லை?' ஒரு பொருள் இல்லாமையும் நோய்க்குக் காரணமாகலாம் என்று ஏற்ற பிறகே இது நிற்க முடியும். இதற்குப் பல விடைகள் முன்வைக்கப்படலாம். அவை தவறினாலும் கேள்வி நிலைக்கும். 1912-இல் உயிர்வேதியியலாளர் பங்க் அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926-இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் தீட்டிய அரிசியில் இல்லாத அந்தப் பொருளான தயமினை அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

பெரிபெரிக் கிருமி எது என்ற கேள்விக்கு நிலைத்த விடை எதுவும் கிடைக்கவில்லை. அதைத் தாங்கி நின்ற முற்கோள் விழுந்ததும் அந்தக் கேள்வி ஆய்விலிருந்து விலகியது.