கல்வராயன்மலையும் நினைவுச்சின்ன மரபும்

கல்வராயன்மலையில் வாழும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினர், சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்களின்கீழ் 1976 வரை இருந்தனர். ஜாகீர்தார்களுக்கு ஊதியமின்றி உழைக்கும் கடமையும் அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. இவ்வரலாற்றுக்கு அரசு வளாகத்தில் நினைவுச்சின்னம் எழுப்புவதாயின், அதன் வாசகம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிர்நீத்த 21 பேருக்கு விழுப்புரத்தில் அரசு அமைத்த மணிமண்டபம் 2025 சனவரியில் திறக்கப்பட்டது. அங்குப் போற்றப்படுவோர் பெயரறியப்பட்டவர்கள்; மலையில் போற்றத்தக்கதோ பல தலைமுறைகளின் பெயரற்ற உழைப்பு.

தொல்காப்பியம் சுட்டும் நடுகல் நிலைகள் ஆறனுள் நடுதல் நான்காவதே. கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதலாவது, வாழ்த்தல் இறுதி. இம்முறைமை இன்றைக்கும் பொருந்தும். இடத்தேர்விலும் வாசகத்திலும் மலைமக்கள் பங்குபெறல் வேண்டும். 1976ஆம் ஆண்டு மாற்றத்தை அரசின் கொடையாக மட்டும் பொறித்தால், உழைத்தவர்கள் அக்கல்லிலிருந்தே மறைந்துவிடுவர்.