எதிர் வரிசையில் ஒரு வாழ்நாள்

அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுகிறவன் நாட்டுக்குப் பகைவனா? அல்லன் என்று நாம் எளிதில் விடை கூறிவிடுவோம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவ்விடை அத்துணை எளிதாக இருக்கவில்லை. மந்திரிகள் மன்னரின் ஊழியர்கள். அவர்களை இடைவிடாது எதிர்ப்பது மன்னரையே எதிர்ப்பதாகும் என்று பலரும் எண்ணிய காலம் அது. அக்காலத்தில் 38 ஆண்டுகள் காமன்ஸ் சபையில் அங்கம் வகித்தவர் சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸ். மும்முறை அவர் அமைச்சரவையில் இடம் பெற்றார். மூன்றையும் கூட்டினாலும் இரண்டு ஆண்டுகள் நிரம்பா. எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி எதிர் வரிசையிலேயே கழிந்தது. அவ்வாழ்வு வீணாயிற்றா என்பதை இன்று ஆராய்வோம்.

பாக்ஸ் 1749ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பிறந்தார். தந்தை ஹென்றி பாக்ஸ் பெரும் பதவி வகித்துப் பெருஞ்செல்வம் திரட்டியவர். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்ற மைந்தர், 1768இல், 19ஆம் வயதிலேயே பார்லிமெண்டு உறுப்பினரானார். அதற்குச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். செல்வாக்கு சட்டத்தை வென்றது. நாவன்மை மிக்க அவ்விளைஞரைச் சூதாட்டம் பற்றிக்கொண்டது. மகன் பட்ட கடனை அடைக்கத் தந்தை ஒரு லட்சம் பவுனுக்கு மேல் செலவிட நேர்ந்தது. அவருடைய குணங்களைப் போற்றும்போது இக்குற்றத்தை மறைப்பது முறையன்று.

தொடக்கத்தில் நார்த் பிரபுவின் ஆட்சியில் சிறு பதவிகள் வகித்த பாக்ஸ், 1774இல் அவற்றினின்று நீக்கப்பட்டார். அதன் பின்னரே அவர் வாழ்வு புதிய திசையில் திரும்பிற்று. அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது தொடுத்த போர் நீதியற்றது, வெல்லவும் இயலாதது என்று சபையில் ஓயாது வாதாடினார். 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. அடுத்த ஆண்டு நார்த்தின் ஆட்சி கவிழ்ந்தது. பாக்ஸ் பிரிட்டனின் முதல் வெளிநாட்டு மந்திரியானார். எனினும் நான்கு மாதங்களில் உடன் மந்திரிகளோடு மாறுபட்டு விலகினார்.

1783இல் அவர் செய்த செயல் ஒன்று அவர் பெயருக்கு நீங்காத மாசு ஆயிற்று. எந்த நார்த் பிரபுவை ஆண்டுக்கணக்கில் கடிந்து பேசினாரோ, அவரோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சி அமைத்தார். கொள்கை எங்கே என்று மக்கள் கேட்டனர். அவ்வாட்சி கொணர்ந்த இந்திய மசோதாவே அதற்கு முடிவாகவும் அமைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நிர்வாகத்தைப் பார்லிமெண்டு நியமிக்கும் ஏழு ஆணையாளரிடம் ஒப்படைப்பது அம்மசோதாவின் நோக்கம். நம் நாட்டில் கம்பெனியார் நடத்திய கொடுங்கோன்மைக்குக் கடிவாளம் இடுவதற்கே இது என்றார் பாக்ஸ். பதவிகளை நண்பர்களுக்கு வழங்கும் சூழ்ச்சி என்றனர் எதிரிகள். காமன்ஸ் சபை மசோதாவை நிறைவேற்றிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னரோ, இதனை ஆதரிப்போர் தமக்குப் பகைவர் என்று பிரபுக்களிடையே செய்தி பரப்பினார். பிரபுக்கள் சபை 95க்கு 76 என்ற வாக்குகளால் அதனைத் தள்ளியது. மன்னர் அமைச்சரவையைக் கலைத்து, 24 வயதே ஆன வில்லியம் பிட்டைப் பிரதம மந்திரியாக்கினார்.

அதன்பின் 22 ஆண்டுகள் பாக்ஸுக்குப் பதவி இல்லை. இக்காலமே அவரை உரைத்துப் பார்த்த கட்டளைக்கல். பிரெஞ்சுப் புரட்சியை அவர் வரவேற்றார். அதனை வெறுத்த எட்மண்ட் பர்க், பல ஆண்டு நட்பு முறிந்ததென 1791 மே மாதம் சபையிலேயே அறிவித்தார், பாக்ஸ் கண்ணீர் வடித்தார், கொள்கையை விடவில்லை. 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது அதனையும் எதிர்த்தார். விசாரணையின்றிச் சிறையிடும் அதிகாரம், பொதுக்கூட்டங்களைத் தடுக்கும் சட்டம் ஆகியவற்றைப் பிட் கொணர்ந்தபோது, பயத்தை முன்னிட்டு மக்கள் உரிமையைப் பறிப்பது தகாது என்றார். நண்பர் பலர் பிட்டின் பக்கம் போயினர். ஒரு சிறு கூட்டமே அவரோடு எஞ்சியது. மனம் தளர்ந்து 1797இல் அவர் சபைக்கு வருவதையே பெரிதும் நிறுத்திக்கொண்டார். எதிர்க்கட்சித் தலைவனின் படைக்கலம் அவன் குரல் ஒன்றே. அதனைத் தானே கீழே வைத்தது சரியன்று என்பது என் கருத்து.

பதவி இல்லாதபோதும் அவர் செய்த நன்மை உண்டு. அக்காலத்தில் அவதூறு வழக்குகளில், எழுத்தை வெளியிட்டவர் இவர்தாமா என்பதை மட்டுமே ஜூரிகள் தீர்மானிக்கலாம். அது குற்றமா என்பதை நீதிபதியே முடிவு செய்வார். பாக்ஸ் முயன்று கொணர்ந்த 1792ஆம் ஆண்டுச் சட்டம் அம்முடிவையும் ஜூரிகளிடம் அளித்தது. அரசாங்கத்தைக் குறைகூறி எழுதுவோருக்கு அது ஓர் அரணாயிற்று.

1806இல் பிட் மறைந்தார். பாக்ஸை மந்திரியாக்க அதுவரை இசையாத மன்னர் அப்போது இசைந்தார். உடல் நலிந்திருந்த பாக்ஸ், ஜூன் 10ஆம் நாள், அடிமை வாணிகத்தை ஒழிக்கவேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். வில்பர்போர்ஸ் முதலியோருடன் நெடுங்காலம் ஆதரித்துவந்த கொள்கை அது. தம் பார்லிமெண்டு வாழ்வில் இது ஒன்றையே சாதித்திருந்தாலும் மனநிறைவோடு ஓய்வு பெறலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். தீர்மானம் 114க்கு 15 என்ற வாக்குகளால் வென்றது. செப்டம்பர் 13ஆம் நாள் பாக்ஸ் இறந்தார். 1807 மார்ச்சு 25இல் அக்கொள்கை சட்டமாயிற்று. அதைக் காண அவர் இல்லை. வாழ்நாளெல்லாம் எதிரெதிரே நின்ற பிட்டின் கல்லறைக்கு அருகிலேயே, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1826இல், ஹாப்ஹவுஸ் என்னும் உறுப்பினர் 'மன்னர்பிரானின் எதிர்க்கட்சி' என்ற தொடரைச் சபையில் வேடிக்கையாகக் கூறினார். வேடிக்கை நாளடைவில் மரபாயிற்று. 1937இல் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கமே ஆண்டுக்கு 2000 பவுன் சம்பளம் அளிக்கச் சட்டம் செய்தது. மன்னருக்குப் பகைவர் எனப்பட்டவர் வகித்த இடம், மன்னரின் பெயராலேயே மதிக்கப்படும் இடமாயிற்று.

நண்பர்களே! பாக்ஸ் பெற்ற வெற்றிகளைக் காட்டிலும் கண்ட தோல்விகள் மிகுதி. ஆயினும், தோற்ற பக்கத்தில் பேசப்பட்ட நியாயம் தோற்றுவிடுவதில்லை. பேச ஒருவர் இல்லாதபோதே அது தோற்கிறது. உங்கள் பள்ளி விவாதச் சபையில் உங்கள் தீர்மானம் வீழும் நாளில் இதனை எண்ணிப் பாருங்கள்.