எக்ஸ்பர் (கட்டளை)

எக்ஸ்பர் என்பது யுனிக்ஸ், லினக்ஸ் இயக்குதளங்களின் முனையத்தில் எண் கணக்குகளையும் சரங்களையும் மதிப்பிட்டு விடையை அச்சிடும் கட்டளை ஆகும். 'எக்ஸ்பிரஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே இதன் பெயர். 1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது இருந்தது. பின்னர் போசிக்ஸ் தரத்திலும் இடம்பெற்றது.

எழுதும் முறை

ஒவ்வோர் எண்ணுக்கும் குறிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். 'எக்ஸ்பர் 5 + 3' என்றால் விடை 8. இடைவெளியின்றி 5+3 என்றால் அது ஒரே சரமாகக் கொள்ளப்பட்டு அப்படியே திரும்ப அச்சாகும். பெருக்கல் குறியான * ஷெல்லுக்குக் கோப்புப் பெயர்களைக் குறிப்பதால், அதன் முன் பின்சாய்வுக் கோடு இட்டு \* என எழுத வேண்டும்.

முழு எண் கணக்கு

எக்ஸ்பருக்குத் தசமம் தெரியாது. வகுத்தலில் மீதியைப் பிழைச் செய்தி எதுவுமின்றி விட்டுவிடும். திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் வழங்கும் பீஸ் ரேட் கூலியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு டஜனுக்கு 37 ரூபாய் வீதம் 1000 பீஸ் தைத்தவருக்கு உரிய கூலி 3083 ரூபாய் 33 காசு. முதலில் 37-ஐ 12-ஆல் வகுத்தால் 3 கிடைக்கும். அதை 1000-ஆல் பெருக்கினால் 3000. தொழிலாளிக்கு 83 ரூபாய்க்கு மேல் நட்டம். முதலில் பெருக்கிப் பின்னர் வகுத்தால் 3083. ரூபாயைக் காசாக மாற்றி, 3700 \* 1000 / 12 என்று கணக்கிட்டால் 308333 காசு எனக் காசு வரை சரியாக வரும்.

வெளியேறும் நிலை

விடை 0 அல்லது வெற்றுச் சரமாக இருந்தால் நிலை எண் 1. மற்ற விடைகளுக்கு 0. எழுதியதில் பிழை இருந்தால் 2. எனவே 1200 பீஸ் மீதமின்றி டஜன்களாகப் பிரிகிறதா என்று 1200 % 12 மூலம் பார்த்தால், விடை 0 சரியாக அச்சானாலும் நிலை எண் 1 ஆகும். பிழை வந்தால் நின்றுவிடும்படி எழுதிய ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடக்கூடும்.

சரங்களும் தமிழும்

குனூ பதிப்பில் சரத்தின் நீளத்தை அறிய 'லெங்த்' என்ற சொல் உண்டு. போசிக்ஸ் தரம் அதற்கு உறுதி தரவில்லை. உடுமலைப்பேட்டை அருகே, அமராவதி அணையை ஒட்டிய ஊரின் பெயரை 'அமராவதிநகர்' என்று சேர்த்து எழுதினால் தமிழ்க் கணக்கில் 8 எழுத்து. ஒருங்குறியில் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை தனிக்குறிகள் என்பதால் 11 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 33 பைட். மொழிச்சூழலைப் பொறுத்து விடை 11 அல்லது 33 ஆக வரும், 8 வராது. 'அமராவதி நகர்' எனப் பிரித்து எழுதினால் மேற்கோள் குறி கட்டாயம். இல்லையெனில் இரு சரங்களாகக் கொண்டு பிழை காட்டும்.

மாற்று வழிகள்

இக்கால ஷெல்களில் $(( )) அமைப்பே முழு எண் கணக்கைச் செய்யும். அதற்குள் * குறிக்குப் பின்சாய்வுக் கோடு தேவையில்லை. தசமக் கணக்குக்கு 'பிசி', 'ஆக்' ஆகிய கட்டளைகள் பயன்படுகின்றன.