பஸ்ஸில் இருக்கும் திரை ஏன் சீக்கிரமே கறுத்துப்போகிறது? வெயிலையும் குலுக்கலையும் தாங்கும் மீடியா பிளேயர்... ஒரு பார்வை!

மே மாத மதியம். காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூருக்கு பைக்கில் போகிறீர்கள். ஹேண்டில்பாரில் மாட்டிய மொபைலில் மேப் ஓடுகிறது. கொஞ்ச நேரத்திலேயே திரை மங்குகிறது. தொட்டால் சுடுகிறது. கடைசியில், ‘சூடு அதிகம், ஆறவிடுங்கள்’ என்று மொபைலே கைவிரித்துவிடுகிறது.

உங்கள் மொபைல் சில நிமிடங்கள்கூடத் தாங்காத இந்த வெயிலை, ஒரு பேருந்துத் திரை விடியற்காலை முதல் பஸ் டெப்போவுக்குத் திரும்பும்வரை, வருடம் முழுக்கத் தாங்க வேண்டும். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படம், எழுத்து, அறிவிப்பு எல்லாவற்றையும் ஓட்டும் சின்னக் கணினிதான் ‘மீடியா பிளேயர்’. திரை கறுத்துப்போனால், பல நேரங்களில் பழுது திரையில் இருக்காது. இந்த டப்பாவில்தான் இருக்கும்.

சாதாரண டிவி பாக்ஸ் போதாதா?

வீட்டு டிவியில் மாட்டும் ஆண்ட்ராய்டு பாக்ஸும் வீடியோ ஓட்டும். சில ஆயிரம் ரூபாயில் கிடைத்தும்விடும். கடைக்குள், ஏசி அறையில் என்றால் அதுவே போதும். பட்டுச்சேலைக் கடைக்கு உள்ளே இருக்கும் திரைக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. அதே கடையின் வாசலில், வெயில் பார்த்த சுவரில் திரை வைத்தால் கதை வேறு.

வீட்டு உபயோகச் சாதனங்கள் பெரும்பாலும் 35 அல்லது 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்காகவே வடிவமைக்கப்படுகின்றன. காஞ்சிபுரத்தின் கோடை வெயில் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். அது வெளிக்காற்றின் சூடு மட்டும்தான். மூடிய இரும்புப் பெட்டிக்குள், மேலே வெயிலும் உள்ளே சிப்பின் சூடும் சேரும்போது வெப்பநிலை இன்னும் பல டிகிரி ஏறும். பலரும் பயன்படுத்தும் ராஸ்பெர்ரி பை 4 போன்ற போர்டுகளில் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபேன் வைத்தால் சரியாகிவிடுமா? ஃபேன் காற்றோடு தூசியையும் இழுக்கும். சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உறுதியான பிளேயர்களில் ஃபேனே இருப்பதில்லை. வரிவரியாக மடிப்பு வைத்த அலுமினிய உடலே சூட்டை வெளியே தள்ளுகிறது.

சாவியைத் திருப்பும் அந்த நொடி

வெயிலைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அது பஸ்ஸின் மின்சாரம்.

கார்களில் 12 வோல்ட், பஸ், லாரிகளில் 24 வோல்ட் பேட்டரி. டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை உறிஞ்சி எடுக்கும். வோல்டேஜ் சட்டென்று விழும். சாதாரண பாக்ஸ் அந்த இடத்திலேயே அணைந்துபோகும். மாறாக, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு கழன்றால், 24 வோல்ட் வண்டியில் ஒரு கணம் 100 வோல்ட்டையும் தாண்டி எகிறும். சாலை வாகனங்களில் பொருத்தும் மின்சாதனங்கள் இதையெல்லாம் தாங்குகின்றனவா என்று சோதிக்கவே ஐஎஸ்ஓ 16750-2 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், டிரைவர் சாவியை எடுத்ததும் மின்சாரம் பட்டென்று நிற்பது. மெமரி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் ஃபைல் சிதையும். மறுநாள் காலை திரையில் கறுப்புதான். நல்ல வாகன பிளேயரில் சாவியின் நிலையை அறிய தனி ஒயர் இருக்கும். சாவி அணைந்ததைத் தெரிந்துகொண்டு, வேலையை முடித்து, ஒழுங்காக ஷட் டவுன் ஆன பிறகே அது மின்சாரத்தைத் துண்டிக்கும்.

குலுக்கல், தூசி, மழை

குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் குலுங்கினால், வெறுமனே செருகிய ஹெச்டிஎம்ஐ கேபிள் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். அதனால் திருகி இறுக்கும் இணைப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். மெமரியையும் கார்டாகச் செருகாமல் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

பெட்டியின் மேல் ‘ஐபி65’ என்று எழுதியிருந்தால், முதல் எண்ணான 6, தூசி உள்ளே நுழையாது என்பதைக் குறிக்கிறது. அடுத்த எண்ணான 5, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தப்பிக்கும். வடகிழக்குப் பருவமழையில் நனையும் போர்டுக்கு இந்த எண்கள் முக்கியம்.

இத்தனைக்குப் பிறகும் சாஃப்ட்வேர் ‘ஹேங்’ ஆகலாம். ஓடுகிற பஸ்ஸில் ஏறி ரீஸ்டார்ட் செய்ய ஆள் கிடையாது. அதற்குத்தான் ‘வாட்ச்டாக்’ என்ற காவல்கார டைமர். ‘நான் உயிரோடு இருக்கேன்’ என்று சாஃப்ட்வேர் அதற்கு அவ்வப்போது சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னல் நின்றால், டைமர் தானே பிளேயரை ரீஸ்டார்ட் செய்துவிடும்.

திரை கறுத்தால் யாருக்கு நஷ்டம்?

விளம்பரம் ஓடாவிட்டால் விளம்பரதாரருக்குப் பணம் நஷ்டம். அடுத்த நிறுத்தத்தின் பெயர் ஓடாவிட்டால்?

ஏனாத்தூரில் பல்கலைக்கழகமும் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. மருத்துவமனைக்கு முதல்முறை வரும் ஒருவருக்கு எங்கே இறங்குவது என்று தெரியாது. கண்டக்டரிடம் கேட்கலாம்தான். காது கேளாதவர் எப்படிக் கேட்பார்? அவருக்கு அந்தத் திரைதான் கண்டக்டரின் குரல். பார்வையற்றவருக்கு அதே பிளேயர் ஒலிக்கும் அறிவிப்புதான் ஜன்னல்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவர்கள் பயன்படுத்தக்கூடிய வகையில் போக்குவரத்து இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2013-ல் வெளியிட்ட நகரப் பேருந்து விதிமுறைகளிலேயே எல்இடி தகவல் பலகைகளும் ஒலி அறிவிப்பும் இடம்பெற்றுவிட்டன. சென்னை மாநகரப் பேருந்துகளில் ஜிபிஎஸ் மூலம் நிறுத்தத்தை அறிவிக்கும் வசதி 2022 நவம்பரில் தொடங்கியது. விதி இருக்கிறது, வசதியும் வருகிறது. ஆனால், குறைந்த விலையை மட்டும் பார்த்து வாங்கிய டப்பா, ஒரே கோடையில் செத்துப்போனால் இத்தனையும் வீண்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எத்தனை டிகிரி வரை வேலை செய்யும்? (மூடிய பெட்டிக்குள் இருக்கும் சூட்டைக் கணக்கிட்டுக் கேளுங்கள்.)

2. எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும்? (9 முதல் 36 வரை என்றால் காருக்கும் பஸ்ஸுக்கும் பொருந்தும்.)

3. சாவியை அணைத்தால் ஒழுங்காக ஷட் டவுன் ஆகுமா?

4. நெட் இல்லாவிட்டாலும் சேமித்ததை ஓட்டுமா?

5. ஐபி எண் என்ன? அது பிளேயருக்கு மட்டுமா, கேபிள் இணைப்புகளுக்கும் சேர்த்தா?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால், கொடுக்கும் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று வாய்வார்த்தையாக மட்டும் வந்தால், அடுத்த மே மாதம்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேறு கடை பார்க்கலாம்.