28-உடன் 116-ஐக் கூட்டினால்

கலிஃபோர்னியாவின் எலெக்ராஃப்ட் நிறுவனம் தயாரித்த கேஎக்ஸ்3, தோள்பையில் போட்டுக்கொண்டு மலையேறலாம் என்கிற அளவிலான ஹாம் (அமெச்சூர்) வானொலி. 160 மீட்டர் முதல் 6 மீட்டர் வரையுள்ள அலைவரிசைகளில் 10 வாட் வரை ஒலிபரப்பும். ஆனால் மலையுச்சியில் நிற்பவருக்கு மிகவும் கைகொடுக்கும் 2 மீட்டர் விஎச்எஃப் அலைவரிசை அதில் இயல்பாகக் கிடையாது. அதற்கென ஒரு சிறு மின்பலகையைத் தனியே உள்ளே பொருத்த வேண்டும். சுமார் 3 வாட் கிடைக்கும்.

3 வாட் போதுமா? உயரத்தில் நின்றால் தாராளமாகப் போதும். விஎச்எஃப் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. தடை இல்லாவிட்டால் குறைந்த திறனே வெகுதூரம் எட்டும். ஆண்டெனாவும் சிறிது. 40 மீட்டர் அலைவரிசைக்கு 20 மீட்டர் கம்பி கட்ட வேண்டிய இடத்தில், இங்கே ஒரு மீட்டர் போதும்.

இப்படி ஒரு வானொலியை அதில் இல்லாத அலைவரிசைக்கு மாற்றித் தரும் கருவிக்கு டிரான்ஸ்வெர்ட்டர் என்று பெயர். வானொலிக்கு வெளியே தனிப் பெட்டியாக வைப்பதும் உண்டு. அத்தகைய பெட்டிகளில் பரவலாகக் காணும் கணக்கு எளிமையானது: வானொலி தரும் 28 மெகாஹெர்ட்ஸுடன் பெட்டிக்குள் இருக்கும் படிக அலையியற்றியின் 116-ஐக் கலந்தால் 144, அதாவது 2 மீட்டர் அலைவரிசை. கேட்கும்போது அதே 116-ஐக் கழித்து 28-க்கு இறக்கிக்கொள்கிறது. வானொலியில் 28.200 என்று வைத்தால், அமெரிக்க ஹாம்கள் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் ஒருவரையொருவர் கூப்பிடும் 144.200-இல் பேசலாம்.

சிக்கல் அடுத்துதான் வருகிறது. இரண்டு அலைகளைக் கலக்கும் மிக்சர் கூட்டுத்தொகையோடு கழித்தலையும் வெளியே தள்ளும். 116-இல் 28 போனால் 88. அமெரிக்காவில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கும் இடம். நம் குரல் அங்கேயும் போய்விடும்; அங்குள்ள நிலையம் நம் காதில் 28-ஆக வந்து இறங்கும். 116-இலும் கொஞ்சம் கசியும். அதுவோ விமானங்களுக்கு வழிகாட்டும் நிலையங்கள் இயங்கும் பகுதி, துளியும் கசியக் கூடாத இடம். ஆகவே 144-ஐ மட்டும் விட்டு மற்றதை அடக்கும் வடிகட்டிகள் தேவை. 88 தொலைவில் இருப்பதால் எளிதில் அடங்கும். 116 பக்கத்தில் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுற்றுகள் வேண்டும். டிரான்ஸ்வெர்ட்டர் வாங்குவோர் வாட் கணக்கைவிட இந்த வடிகட்டிகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது படிகம். அது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு விலகினாலே 116 மெகாஹெர்ட்ஸில் 1,160 ஹெர்ட்ஸ் தவறிவிடும். எஸ்எஸ்பி குரல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவது. இவ்வளவு விலகினால் சொல்லே புரியாது. குளிர்காற்று வீசும் உச்சிக்குக் கொண்டுபோவதானால், வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்யும் படிக அலையியற்றி அவசியம்.

வெளிப்பெட்டி வைப்பவர் இன்னும் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். மிக்சர் கேட்பது ஏறத்தாழ ஒரு மில்லிவாட். வானொலியின் 10 வாட் அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. நடுவில் திறன் குறைப்பான் இல்லாமல் இணைத்தால் மிக்சர் கருகிவிடும். பேசும் பொத்தானை அழுத்தியதும் ஆண்டெனாவைக் கேட்கும் பக்கத்திலிருந்து அனுப்பும் பக்கத்துக்கு மாற்றும் ரிலே முதலில் மாற வேண்டும், அதன்பிறகே திறன் எழ வேண்டும். வரிசை தவறினால், நுண்ணிய அலைகளைப் பெருக்கும் முன்நிலை டிரான்சிஸ்டர் ஒரே அழுத்தலில் போய்விடும்.