தட்டைத் திருப்பிப் பாருங்கள்

பாகூர் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் சிற்றூர் ஒன்றில், ஞானஸ்நானம் பெற்ற பெண் குழந்தையின் இல்லத்திற்கு விருந்துக்குச் சென்றிருந்தோம். ஞானத்தாய் ஓர் அழகிய அட்டைப்பெட்டியைப் பரிசாகக் கொண்டு வந்திருந்தார். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் நடைபெறும் வில்லியனூர் மாதா திருவிழாவில் வாங்கியது. இளஞ்சிவப்பு நிறத்தில் தட்டு, கிண்ணம், டம்ளர், கரண்டி. அவற்றோடு ஒரு பால் புட்டியும் இருந்தது. எல்லாம் பிளாஸ்டிக், எல்லாவற்றிலும் கரடிக்குட்டிப் படம். கூடியிருந்தோர் பெட்டியை வாங்கி வாங்கிப் பார்த்தனர். குழந்தையின் பாட்டி மட்டும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி, இதுல பிள்ளைக்குச் சூடா கஞ்சி ஊத்திக் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் கற்றோம். கிண்ணத்தைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம், அம்மா" என்று சொல்லி வந்தோம். விசாரித்ததை இங்கே எழுதுகிறோம். அந்தப் பாட்டியின் கேள்வி நம் பங்குகளின் இல்லங்கள் பலவற்றிற்கும் உரிய கேள்வி.

முதலில் பால் புட்டி. பெட்டியிலிருந்த பொருள்களுள் நம் நாட்டுச் சட்டம் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துவது இதனையே. குழந்தைப்பால் மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் 1992-இல் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது; 2003-இல் திருத்தப்பட்டது. இச்சட்டப்படி பால் புட்டிக்கு விளம்பரம் செய்வதே குற்றம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்திற்கு ஒத்து, அதன் முத்திரையைத் தாங்கி வராத புட்டியை எவரும் விற்கலாகாது. அம்முத்திரையைத்தான் நாம் ஐ.எஸ்.ஐ. என்று அழைக்கிறோம். ஐ.எஸ்.ஐ. என்னும் பழைய நிறுவனம் 1987-இலேயே புதிய அமைவனமாக மாறிவிட்டது. ஆயினும் மக்கள் அறிந்த மூன்றெழுத்தை மாற்றாமல் முத்திரையில் விட்டு வைத்தார்கள்.

வெளிநாட்டுப் புட்டிக்கும் இவ்விதியிலிருந்து விலக்கில்லை. கப்பலில் வரவழைக்கும் வணிகர் தம் பெயரில் இவ்வுரிமத்தைப் பெற முடியாது. புட்டியைச் செய்யும் தொழிற்சாலையே பெறவேண்டும். அமைவனத்தின் அதிகாரிகள் அயல்நாட்டுக்குச் சென்று ஆலையைப் பார்வையிடுவர், மாதிரிகள் சோதிக்கப்படும், பொறுப்பேற்க இந்தியாவில் ஒரு பிரதிநிதி நியமிக்கப்படவேண்டும். அதன் பின்னரே முத்திரை. முத்திரையின் மேலே தரத்தின் எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். வீட்டிலிருக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செயலியைத் திறந்து அவ்வெண்ணை இட்டால், உரிமம் மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும்.

புட்டிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் பாலிகார்பனேட் என்னும் கடினப் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள் சூடான பாலில் கசிகிறது. அது உடலின் ஹார்மோன்களைப்போல் நடிக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் அதனைப் பால் புட்டிகளிலிருந்து விலக்கியது. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டுத் தரம் விலக்கியது. பாகூர்க் குழந்தையின் புட்டியிலோ, பெட்டியிலோ முத்திரை இல்லை. அதை விற்றதே சட்டத்திற்கு மாறானது. யாரிடம் முறையிடுவது? திருவிழாக் கடையின் தார்ப்பாய் அவிழ்ந்து நாளாகிவிட்டது, ரசீதும் கிடையாது.

தட்டுக்கும் கிண்ணத்துக்கும் வருவோம். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் புட்டியோடு நின்றுவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் எவ்வளவு கசியலாம் என்று வரையறுக்கின்றன: ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம். ஆனால் அவை உணவைப் பொதிந்து விற்போரை நோக்கி எழுதப்பட்டவை. விளையாட்டுப் பொருள்களுக்கோ தனி ஆணை உண்டு. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள், இறக்குமதியானவை உட்பட, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்கவேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் மரச் சொப்பு போன்றவற்றிற்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அது நல்ல காரியம். ஆக, குழந்தை மண்சோறு ஆக்கி விளையாடும் பிளாஸ்டிக் சொப்புச் சாமானுக்கு அந்த ஆணை முத்திரை கேட்கிறது. அதே குழந்தை மெய்யாகவே சோறு உண்ணும் தட்டு அந்த ஆணைக்குள் வருவதில்லை! இதனை நினைத்தபோது நமக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று விளங்கவில்லை.

கசிவை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதும் அறியத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் சோறும் குழம்பும் பரிமாறுவதில்லை. உணவுக்குப் பதிலாக நிற்கும் நீர்மங்கள் உள்ளன: தண்ணீருக்குரிய உணவுக்கு வாலை வடிநீர், புளிப்புக்கு நூற்றுக்கு மூன்று பங்கு அசெட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு, எண்ணெய்ப் பண்டத்துக்கு வேறொரு நீர்மம். பிளாஸ்டிக் துண்டைக் குறித்த வெப்பத்தில் குறித்த நேரம் ஊறவைத்து, நீர்மத்தை ஆவியாக்கி, அடியில் தங்குவதை நிறுக்கிறார்கள். சூடும் புளிப்பும் கசிவை மிகுவிப்பவை. நம் வீட்டுச் சமையலில் அவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன: கொதிக்கும் ரசம், புளிக்குழம்பு.

பீங்கானைப்போல் கனத்து, கீழே விழுந்தாலும் உடையாத தட்டுகள் மெலமைன் வகையைச் சேர்ந்தவை. மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கூடி உருவாகும் பொருள் அது. தைவான் நாட்டு ஆய்வாளர்கள் பன்னிரண்டு பேருக்குச் சூடான நூடுல்ஸ் சூப்பை மெலமைன் கிண்ணத்திலும் பீங்கான் கிண்ணத்திலும் தந்து, மூன்று நாள் சிறுநீரைச் சோதித்து, முடிவை 2013-இல் வெளியிட்டனர். மெலமைன் கிண்ணத்தில் உண்டபோது 8.35 மைக்ரோகிராமும், பீங்கானில் உண்டபோது 1.31 மைக்ரோகிராமும் மெலமைன் வெளியேறியிருந்தது. இவ்வளவால் நோய் வரும் என்று அவர்களே சொல்லவில்லை; ஆகவே நாமும் அச்சுறுத்த மாட்டோம். ஆனால் கிண்ணம் கிண்ணத்தோடு நில்லாமல் உடலுக்குள் வருகிறது என்பது உறுதி. ஐரோப்பியர் 2011 ஜூலை முதல் சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வரும் மெலமைன் பாத்திரங்களுக்கு, ஒவ்வொரு சரக்கோடும் ஆய்வறிக்கை வேண்டும் என்று விதித்தனர். பத்தில் ஒரு சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திச் சோதிக்கவும் ஏற்பாடு செய்தனர்.

அப்படியாயின் வாங்குவோர் செய்யக்கூடியது யாது? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொதியப்பட்டு வரும் இறக்குமதிப் பொருளில், செய்த நாடு, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை இருக்கவேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின் கட்டளை. இவை இல்லையேல், அப்பொருளுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை என்று பொருள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பாதுகாப்பு முத்திரையன்று. அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்வது மட்டுமே. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், சூட்டை ஓரளவு தாங்கும். 7 என்றால் மற்றவை எல்லாம் கலந்த வரிசை. கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த அடையாளம், உணவுக்கு உகந்தது என்று செய்தவர் தாமே கூறும் கூற்று. ரசீது கேட்டு வாங்குங்கள். முறையிட 1915 என்னும் நுகர்வோர் உதவி எண் உண்டு.

பாகூருக்கு மீண்டும் சென்று பாட்டியிடம் இவற்றைச் சொன்னோம். புட்டியைத் தூக்கி எறிந்தார். அதற்கு அவர் பெரிதாக வருந்தவுமில்லை. அவர் பிள்ளைகளை வளர்த்ததெல்லாம் பாலாடையில்தானாம். பாலாடை கழுவ எளிது, மூலை முடுக்கு இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் அதைத்தான் தருகிறார்கள். கரடிக்குட்டித் தட்டு முறுக்கும் பழமும் வைக்க நின்றது. கஞ்சிக்கு, தம் மகன் பெயர் பொறித்த எவர்சில்வர் கிண்ணத்தைப் பரணிலிருந்து இறக்கினார். ஞானத்தாய்க்கு மனம் சற்று நொந்தது. அவருக்கு இதையெல்லாம் எப்படித் தெரியும்?

திரும்பும் வழியில் வில்லியனூரில் ஒரு பாத்திரக் கடையில் அதே போன்ற பெட்டிகள் அடுக்கியிருக்கக் கண்டோம். இறக்குமதி செய்தவர் பெயர் எங்கே என்று கேட்டோம். கடைக்காரர் பெட்டியை நாலாபுறமும் திருப்பினார். "சென்னை பாரிமுனையில மொத்தமா எடுக்கிறது சாமி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். பிறகு, அடுத்த முறை சரக்கெடுக்கப் போகும்போது கேட்பதாகச் சொல்லி, ஒரு பெட்டியை அடுக்கிலிருந்து தனியே எடுத்து வைத்தார்.